கீச் கீச் லாரியும் ஒரு பி.காம் காரனின் மன்னிப்பும்

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ குழந்தைப் பாட்டுன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது எங்க வீட்டு லாரியில மூணு மாசமா கத்திக்கிட்டிருந்த ஒரு சத்தத்தைப் பத்தின கதை. கதை மட்டும் சொல்லிட்டுப் போனா மொக்கையாயிடும். அதுல எனக்கு ஒரு கருத்தும் இருக்கு. அதை முதல்லயே சொல்லிடறேன்: நம்ம ஊர்ல ரிப்பேருக்குக் காசு குடுக்கிறோம், பழுதைக் கண்டுபிடிக்கிறதுக்குக் காசு குடுக்கறதில்லை. அதனாலதான் பாதி ரிப்பேர் தப்பான இடத்துல நடக்குது.

நாமக்கல் பக்கம் இருக்கிறவங்களுக்கு லாரியைப் பத்தி நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு அடுத்தபடியா எங்க ஊர்ல அதிகம் பேசப்படுறது வாடகை, டீசல், டயர் இந்த மூணும்தான். எங்க வீட்ல ஒரே ஒரு வண்டி. பத்து சக்கரம். அப்பா முன்னாடி அவரே ஓட்டினாரு. முதுகு வலி வந்ததுக்கப்புறம் ஒரு டிரைவர் அண்ணா ஓட்டறாரு. நான் பி.காம் படிக்கிறதால வண்டி கணக்கு நோட்டு என் கையில. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கங்க, வில்லன் அங்கதான் வரப்போறான்.

ஒரு நாள் டிரைப் முடிஞ்சு வந்த டிரைவர் அண்ணா, "வண்டியில ஒரு கீச் சத்தம் வருதுங்க தம்பி. அணில் கத்துற மாதிரி"ன்னாரு.

"எங்கிருந்துங்கண்ணா?"

"சீட்டுக்குப் பின்னாடி வர்ற மாதிரி இருக்குதுங்க. எறங்கிப் பார்த்தா ஒண்ணும் தெரியறதில்ல."

அப்பா வண்டியை எடுத்து ஒரு ரவுண்டு போனாரு. சத்தம் வரலை. அன்னைக்கு வண்டியில லோடு இருந்துச்சு. பட்டறை மேஸ்திரியும் ஓட்டிப் பார்த்தாரு. அப்பவும் வரலை, அன்னைக்கு மழை. (இந்த ரெண்டு விஷயமும்தான் முக்கியமான துப்புன்னு பின்னாடிதான் எங்க மண்டையில ஏறுச்சு.)

பேய் மாதிரி ஒரு சத்தம். டிரைவருக்கு மட்டும் கேக்கும், ஓனர் உக்காந்தா கேக்காது!

ஆனாலும் சொன்னதை அப்படியே விட்டுட முடியாதே. மேஸ்திரி சொன்னாரு, "கீச்சுன்னா பட்டைதாங்க." பட்டைன்னா அடியில அடுக்கடுக்கா இருக்குமே, லீஃப் ஸ்பிரிங், அதுதான். அதோட புஷ்ஷும் ஷேக்கிள் பின்னும் காஞ்சு போனா கீச்சுன்னு கத்தறது உண்மைதான். மாத்தினோம். 9,400 ரூபாய். ஒரு வாரம் சத்தம் இல்லை. அந்த வாரம் முழுக்க வண்டி லோடோட ஓடுச்சுன்னு யாரும் யோசிக்கலை.

அடுத்த வாரம் அணில் திரும்ப வந்துடுச்சு. இந்தத் தடவை வேற பட்டறை. "பிரேக் லைனருங்க"ன்னாங்க. பின் சக்கர லைனர் மாத்தினோம். 7,800. போகலை. மூணாவது, கேபினுக்கு அடியில இருக்கிற ரப்பர். சீட்டுக்குப் பின்னாடிதானே சத்தம் வருதுன்னு சொன்னாரு, அதனால அது. 3,200. அதுவும் போகலை.

கூட்டிப் பாருங்க, 20,400. இதோட வண்டி நின்ன நாள் நாலு. நிக்கிற வண்டிக்கு வாடகை வராது. மாசத் தவணை மட்டும் ஞாயித்துக்கிழமைக்கும் சேர்த்து ஓடும்.

இப்பத்தான் வில்லன் என்ட்ரி. நோட்டைப் பார்த்துட்டு அப்பாகிட்ட நான் சொன்னேன்: "டிரைவர் அண்ணா சொல்றதை இன்னும் எத்தனை நாளைக்கு நம்பறது? நமக்கு யாருக்குமே கேக்கலையே. டிரிப்புக்குப் போக சலிச்சுக்கிட்டு வண்டி மேல பழி போடறாரோ என்னவோ."

அப்பா ஒண்ணும் சொல்லலை. ஆனா நான் சொன்னது திண்ணையில உக்காந்திருந்த டிரைவர் அண்ணா காதுல விழுந்துடுச்சு. அவரும் ஒண்ணும் சொல்லலை. அடுத்த நாள் சாயங்காலம் சாவியைக் கொண்டாந்து அப்பா கையில குடுத்துட்டு, "அடுத்த மாசத்துக்கு வேற ஆள் பாத்துக்கங்க"ன்னாரு. எங்ககிட்ட ஆறு வருஷமா ஓட்டறவரு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி அவசரம் வந்தப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து வந்தவரு.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அடுத்த நாள் காலேஜ் லீவு. காலையில அவர் வீட்டுக்குப் போய் நின்னேன். மன்னிப்புன்னு வாயைத் திறக்க வரலை. "அண்ணா, நீங்களும் நானும் மட்டும் உக்காந்து அந்தச் சத்தத்தைக் கண்டுபிடிச்சுடலாங்களா?"ன்னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாரு. அப்புறம் சட்டையை மாட்டிக்கிட்டு வந்தாரு.

எங்க ஊருக்கு வெளிய ஒரு காலி மைதானம். வண்டி காலி, லோடு இல்லை. மழையும் இல்லை. பத்து நிமிஷத்துல சத்தம் வந்துச்சு. நானும் கேட்டேன். அணிலேதான்!

எப்படித் தேடினோம்கிறதை விவரமா எழுதறேன். உங்க வீட்ல லாரி இல்லாட்டியும் மிக்ஸி, ஃபேன், சைக்கிள் எதுக்காவது உதவும்.

முதல்ல, வண்டியை நிறுத்தி வச்சு ஆக்ஸிலேட்டர் குடுத்தோம். சத்தம் இல்லை. அப்ப எஞ்சின், ஃபேன் பெல்ட், டைனமோ எல்லாம் நிரபராதி.

ரெண்டாவது, வண்டி மெதுவா உருளும்போதே நியூட்ரல் பண்ணினாரு. சத்தம் நிக்கலை. கிளச்சுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. சக்கரம் சுத்தறவரைக்கும் எது சுத்துதோ, அல்லது எது ஆடுதோ, அதுதான்.

மூணாவது, லேசா பிரேக்கைத் தொட்டாரு. மாற்றம் இல்லை. பிரேக்கா இருந்தா பெரும்பாலும் சத்தம் மாறும், இல்லைன்னா நிக்கும். (7,800 ரூபாய்க்கு ஒரு நிமிஷ மௌன அஞ்சலி.)

நாலாவது, மைதானத்து ஓரத்துல இருந்த சின்ன மேட்டு மேல ஏத்தி எறக்கினாரு. பட்டையா இருந்தா மேட்டுல ஏறும்போது கத்தணும், சமதரையில சும்மா இருக்கணும். இது சமதரையிலயே தாளம் தப்பாம கத்துச்சு. (9,400க்கும் அஞ்சலி.)

தாளம்! அந்த வார்த்தை வந்தப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. டயர்ல சாக்பீஸால ஒரு கோடு போட்டேன். அண்ணா நடை வேகத்துல வண்டியை உருட்டினாரு. நான் பக்கத்துல, கொஞ்சம் தள்ளி நடந்துக்கிட்டே எண்ணினேன். டயர் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள எத்தனை கீச்? ஒண்ணு வந்தா சக்கரம், டிரம், வீல் பேரிங் இது மாதிரி சக்கரத்தோட சேர்ந்து சுத்தற சாமான். நான் எண்ணினது ஆறு. திரும்ப எண்ணினேன். ஆறு. இன்னொரு தடவை, ஆறு, கொஞ்சம் கூடவே.

சொன்னதும் டிரைவர் அண்ணா வண்டியை நிறுத்திட்டாரு. "ஆறா? கிரௌனும் பினியனும் அந்தக் கணக்குதானுங்களே தம்பி!"

கணக்கு இதுதான். கியர் பாக்ஸ்ல இருந்து பின் ஆக்ஸிலுக்கு ஒரு நீளமான குழாய் போகும், புரொப்பெல்லர் ஷாஃப்ட். அது ஆறு சுத்து சொச்சம் சுத்தினா சக்கரம் ஒரு சுத்து சுத்தும். எங்க வண்டியோட ஆக்ஸில் ரேஷியோ அப்படி. இந்த டயரோட சுத்தளவு 3.3 மீட்டர் சுமாருக்கு வரும். மணிக்கு 5 கிலோமீட்டர் நடை வேகத்துல சக்கரம் ஒரு சுத்துக்கு ரெண்டரை செகண்ட் கிட்ட எடுத்துக்கும். ஷாஃப்ட் ஒரு செகண்டுக்கு ரெண்டரை சுத்து. நாங்க கேட்ட அணிலோட வேகம் அதேதான்.

ஆக, சக்கரமும் இல்லை, பட்டையும் இல்லை, கேபினும் இல்லை. ஷாஃப்ட்தான்.

சாவியை எடுத்துட்டு, சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை குடுத்து அடியில நுழைஞ்சோம். (ஓடுற வண்டி அடியிலயோ, கட்டை குடுக்காத வண்டி அடியிலயோ யாரும் தயவுசெஞ்சு போயிடாதீங்க.) ஷாஃப்டோட முனையில ப்ளஸ் குறி மாதிரி ஒரு சாமான் இருக்கும். எங்க பக்கம் கிராஸ்னு சொல்வாங்க. அந்த ப்ளஸ்ஸோட நாலு முனையிலயும் நாலு கப், ஒவ்வொரு கப்புக்குள்ளயும் ஊசி ஊசியா பேரிங். மூணு கப்பு ஓரத்துல கறுப்பா கிரீஸ் கசிஞ்சிருந்துச்சு. நாலாவது கப்பைச் சுத்தி மிளகாய்த்தூள் தூவின மாதிரி சிவப்புத் தூசி. அது தூசி இல்லை, துரு. உள்ள கிரீஸே இல்லாம இரும்பும் இரும்பும் தேய்ஞ்சு வெளிய வந்த துரு.

அண்ணா தண்ணி பாட்டிலை எடுத்து அந்த ஒரு கப்பு மேல மட்டும் ஊத்தினாரு. ரெண்டு பேரும் வெளிய வந்து வண்டியை நகர்த்தினோம். சத்தம் இல்லை! அரை கிலோமீட்டர் போனதும் தண்ணி காய்ஞ்சு திரும்ப கீச் கீச்.

இப்ப பழைய துப்பு எல்லாம் வரிசையா வந்து உக்காந்துச்சு. மழை நாள்ல ஏன் சத்தம் வரலை? தண்ணி உள்ள போய்க் கொஞ்ச நேரத்துக்கு வழுவழுப்பு குடுத்துச்சு. லோடு இருந்தா ஏன் வரலை? லோடு ஏறினா பட்டை அமுங்கும், வண்டி தாழும், ஷாஃப்டோட சாய்வு குறையும். சாய்வு குறைஞ்சா அந்த ஊசிகள் கப்புக்குள்ள முன்னும் பின்னும் புரள வேண்டிய தூரம் குறையும். காலி வண்டியில சாய்வு அதிகம், புரளலும் அதிகம், அதனால சத்தம். வேகமா போகும்போது ஏன் கேக்கலை? டயர் சத்தத்துலயும் காத்து சத்தத்துலயும் அமுங்கிடுச்சு. சீட்டுக்குப் பின்னாடி ஏன் கேட்டுச்சு? சேஸ் பூரா இரும்பு. ஒரு முனையில தட்டினா இன்னொரு முனையில கேக்கும். காது ஏமாந்துடுச்சு.

டிரைவர் அண்ணா மூணு மாசமா சொன்னதுல ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை.

புது கிராஸ் 1,650. கூலி 600. மொத்தம் 2,250. அரை நாள் வேலை. அணில் போயே போச்சு.

அந்தக் கப்புல மட்டும் ஏன் கிரீஸ் இல்லை? கிரீஸ் அடிக்கும்போது நாலு கப்பு ஓரத்துலயும் புதுக் கிரீஸ் எட்டிப் பாக்கிற வரைக்கும் அடிக்கணுமாம். ஒரு பக்கம் வந்ததும் போதும்னு நிறுத்தினா, அடைப்பு இருக்கிற பக்கம் காஞ்சே கிடக்கும். எங்களுக்கு அடிச்சவரு மூணு பக்கம் வந்ததும் நிறுத்தியிருக்காரு. இதை யாரும் கவனிக்கலை, நாங்களும்தான்.

இதை அப்படியே விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அப்பா சொன்னப்ப எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. கிராஸ் ஒடிஞ்சா ஷாஃப்ட் கழண்டு விழும். பக்கத்துல போற ஏர் பைப்பை அடிச்சாலும் அடிக்கும். அதை விட, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துடும். சமவெளியில அது நடந்தா வண்டி ஓரமா நிக்கும், அவ்வளவுதான். தொப்பூர் கணவாய் இறக்கத்துல நடந்தா? கியர்ல போட்டு எஞ்சினை வச்சு வேகத்தைப் பிடிச்சு எறங்கற இடம் அது. எஞ்சின் பிடி போயிட்டா மொத்த பாரமும் பிரேக் மேல. தர்மபுரியில இருந்து சேலம் பக்கம் எறங்கற அந்த ரோட்டுல என்னென்ன நடந்திருக்குன்னு எங்க ஊர் லாரிக்காரங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அந்த ரோட்டுலதான் எங்க வண்டி மாசத்துல நாலு தடவை எறங்குது. அதுல உக்காந்திருக்கிறவர் யாருன்னு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, இப்ப கருத்துக்கு வர்றேன்.

மேஸ்திரிங்க எங்களை ஏமாத்தினாங்கன்னு நான் சொல்ல வரலை. நிஜமாவே இல்லை. பில்லை எடுத்துப் பாருங்க. சாமான் இவ்வளவு, கூலி இவ்வளவு. "ஒரு மணி நேரம் வண்டியில உக்காந்து காது குடுத்துக் கேட்டதுக்கு இவ்வளவு"ன்னு ஒரு வரி எந்த பில்லுலயாவது பார்த்திருக்கீங்களா? ஒரு மேஸ்திரி அரை நாள் தேடிட்டு, "உங்க வண்டியில பட்டை நல்லா இருக்கு, பிரேக் நல்லா இருக்கு, எதையும் மாத்த வேண்டாம்"னு சொல்லி 500 ரூபாய் கேட்டா நாம என்ன சொல்வோம்? "ஒண்ணுமே பண்ணலையே, எதுக்கு ஐநூறு?"ன்னுதான் கேப்போம். நானே கேட்டிருப்பேன். அப்புறம் அவர் ஏன் தேடப் போறாரு? கையில தோணினதை மாத்துவாரு. சாமானை மாத்தினாத்தான் காசுன்னு நாமதானே அவருக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம்.

பொருளாதாரத்துல இதுக்கு ஒரு பேர் இருக்கு. 1973ல மைக்கேல் டார்பி, எடி கார்னின்னு ரெண்டு பேர் எழுதின கட்டுரையில வந்தது, கிரெடென்ஸ் கூட்ஸ். நம்பிக்கைச் சரக்குன்னு நான் தமிழ்ப்படுத்திக்கிறேன். மாம்பழத்தைச் சாப்பிட்டா இனிப்பா புளிப்பான்னு தெரிஞ்சுடும். ஆனா சில சரக்கு, வாங்கி உபயோகிச்ச பிறகும் அது நமக்குத் தேவையா இருந்துச்சா இல்லையான்னு தெரியாது. ரிப்பேர் அந்த வகை. என்ன பழுதுன்னு சொல்றவரும் அவரே, சரி பண்றவரும் அவரே. எங்க 9,400 ரூபாய் புஷ் தேவையா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பழசும் தேய்ஞ்சுதான் இருந்திருக்கலாம்!

எதிர்க்கட்சி வாதமும் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடணும். "அரை நாள் தேடறதை விட 200 ரூபாய் சாமானை மாத்திப் பார்த்துடறது லாபம்"னு சொல்வாங்க. 200 ரூபாய் சாமானுக்கு அது சரிதான். நானும் ஒத்துக்கறேன். ஆனா அதுல ஒரு ஆபத்து இருக்கு. மாத்தின வாரம் தற்செயலா சத்தம் நின்னுடும், எங்களுக்கு நின்ன மாதிரி. உடனே பழுது தீர்ந்ததுன்னு நினைச்சுடுவோம். உள்ள தேய்மானம் பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருக்கும். எந்த நிலைமையில சத்தம் வருதுன்னு தெரியாம மாத்தினா, சரியாச்சா இல்லையான்னு சோதிக்கக்கூட வழி கிடையாது.

அதனால எங்க வீட்ல மூணு மாற்றம் பண்ணியிருக்கோம்.

ஒண்ணு, வண்டியில ஒரு நாப்பது பக்க நோட்டு. எந்தச் சத்தம் வந்தாலும் டிரைவர் அண்ணா எழுதுவாரு. லோடா காலியா, மழையா வெயிலா, என்ன வேகம், பிரேக் தொட்டா மாறுதா. எங்களுக்கு இது அன்னைக்கே இருந்திருந்தா "காலி வண்டியில மட்டும், மழையில வராது"ங்கிறது ரெண்டாவது வாரமே தெரிஞ்சிருக்கும்.

ரெண்டு, பட்டறைக்குப் போனா முதல்லயே சொல்லிடறோம்: "மேஸ்திரி, மொதல்ல கண்டுபிடிங்க. அதுக்குத் தனியா கூலி. எதையும் மாத்த வேண்டியதில்லைன்னு சொன்னாலும் அந்தக் கூலி உண்டு." முதல் தடவை கேட்டப்ப அவரு சிரிச்சாரு. ரெண்டாவது தடவை வண்டியில ஏறி உக்காந்து கூடவே வந்தாரு.

மூணாவது எனக்கு மட்டும். நோட்டுல இருக்கிற நம்பரைப் பார்த்து ஆளை எடை போடக் கூடாது. அக்கவுண்டன்சியில செலவு எவ்வளவுன்னு எழுதக் கத்துக் குடுக்கறாங்க. அந்தச் செலவுக்கு யாரு காரணம்கிறது அந்த நோட்டுல இருக்காது. நான் இருக்கிறதா நினைச்சுக்கிட்டேன். ஒரு நாள்ல பத்து மணி நேரம் அந்த வண்டியில உக்காந்திருக்கிறவர் காதை விட, பத்து நிமிஷம் உக்காந்த எங்க காதை நம்பினேன். எனக்குக் கேக்கலைங்கிறதுக்காக சத்தமே இல்லைன்னு முடிவு பண்ணினேன்.

கிராஸ் மாத்தின அன்னைக்கு டிரைவர் அண்ணா வண்டியை ஓட்டிக்கிட்டு வந்து வீட்டு வாசல்ல நிறுத்தினாரு. அப்பா சாவியை வாங்கிக்கலை, "நீயே வச்சுக்கப்பா"ன்னாரு. நான் அப்பத்தான் வாயைத் திறந்தேன். "அன்னைக்கு நான் பேசினது தப்புங்கண்ணா."

அவரு சொன்னது: "பரவால்லைங்க தம்பி. ஆனா அடுத்த தடவை சத்தம் வருதுன்னா, மொதல்ல வந்து உக்காந்து கேளுங்க."

அவ்ளோதான் மேட்டர்.

டிஸ்கி: ஹாஸ்டல் ரூம்ல என் கட்டிலுக்கு மேல இருக்கிற ஃபேனும் ஒரு வாரமா கத்துது. ஒரு சுத்துக்கு எத்தனை தடவைன்னு எண்ண முயற்சி பண்ணி தலை சுத்தி விழுந்தது தனிக்கதை :-)